கடைசிப் பீரியடும் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் திறந்ததும் ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவார்கள். அந்த வருடத்து டைம்டேபிள். அதைப் பார்க்க நாங்கள் முண்டியடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தால் அப்புறம் எங்களை மதிக்கவே மாட்டார்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறவர், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இடுக்கில் நுழைகிறவர், முன்னால் நிற்கும் உயரமானவரிடம் 'எனக்குத் திங்கக்கெழம என்ன சார்?' என்று கத்துகிறவர் என்று அறையே சந்தையாகிவிடும். எல்லாரும் அவரவர் கட்டங்களைத் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது அந்த டீச்சருடைய கட்டங்களை.

அந்த டீச்சரும் கணக்கு, நானும் கணக்கு. பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஏ அவருக்கு, பி எனக்கு. எங்கள் பள்ளியில் பிள்ளைகளை மார்க் பார்த்தோ பெயர் வரிசை பார்த்தோ பிரிப்பதில்லை. பஸ் பார்த்துப் பிரிப்பார்கள். பள்ளிக்கூடம் இருப்பது சிவகாசிக்கு வெளியே, ஊர் முடிந்து பட்டாசுக் கடைகள் தொடங்கும் ரோட்டில். டவுனிலிருந்து சைக்கிளிலும் ஆட்டோவிலும் வருகிற பிள்ளைகள் ஏ பிரிவு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் பி பிரிவு. சாயங்காலம் அந்த பஸ் வரும்போது ஒரே வகுப்பு மொத்தமாக எழுந்து போய்விட்டால் மற்ற வகுப்புகளுக்குத் தொந்தரவு இல்லை என்று எந்தக் காலத்திலோ யாரோ செய்த ஏற்பாடு. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாற்றலாமா என்று கேட்டால் எல்லாருக்கும் கோபம் வரும்.

ஏ பிரிவுக்குக் கணக்கு முதல் பீரியட். பி பிரிவுக்குக் கடைசிப் பீரியட். அதாவது அவருக்கு முதல், எனக்குக் கடைசி. இது ஒரு வருடம் நடந்தால் விதி என்று விட்டுவிடலாம். அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடந்தது. அவர் எனக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

முதல் பீரியட் என்றால் என்ன என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். தலையில் எண்ணெய், நெற்றியில் விபூதி, புதுச் சாக்பீஸ், துடைத்த கரும்பலகை. வெயில் இன்னும் ஏறியிருக்காது. யாரும் யாரோடும் இன்னும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். நாம் சொல்வது நேராக உள்ளே போகும். போதாததற்கு ஏ பிரிவு வகுப்பறை கீழ்த்தளத்தில், வேப்பமரத்தை ஒட்டி. அந்த டீச்சர் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது காலையில் வைத்த மல்லிகைப்பூகூட வாடியிருக்காது. அந்தப் பூவைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும்.

என்னுடைய அறை மாடியில், மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து கரும்பலகையில் பாதியைத் தின்றுவிடும். எழுதியது தெரியவில்லை என்று பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் விடியுமுன்னே ஏறிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கச்சிக்குத் தலை சீவி, அவர்களை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பிள்ளைகள். ஏழு பீரியட் கேட்டுக் களைத்து, எட்டாவதாக என்னிடம் வருவார்கள். சரியாகச் சொன்னால், எல்லாரும் தின்று முடித்த பந்தியில் நான் கடைசியாகப் போய் உட்கார்ந்தேன்.

அதிலும் முழுப் பீரியட் கிடையாது. கடைசி மணிக்கு முன்பே ஏழாயிரம்பண்ணை பஸ் வந்துவிடும். டிரைவர் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே நிறுத்தி நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸை நம்ப முடியாது. அது கம்பெனி ஆட்கள் வீடு திரும்பும் நேரத்து பஸ், படிக்கட்டில்கூட இடம் இருக்காது. அதனால் தலைமையாசிரியரே பி பிரிவுக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஹாரன் அடித்தால் எழுந்து போகலாம். பாதி வாக்கியம் என் வாயில் இருக்கும், மீதி வகுப்பு மாடிப்படியில் இருக்கும். ஹாரன் அடிக்கும் முன்பே டிபன் பாக்ஸ்கள் பைக்குள் போகும் சத்தம் ஆரம்பித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. பஸ் அதைத் தாண்டித்தான் வரும். பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. அவன் தலை ஆடினால் முப்பது கைகள் பையைத் தேடும். நானும் ஒரு பழக்கமாக அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்துவேன்.

டிரைவரிடம் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். 'ஒரு அஞ்சு நிமிசம் நின்னா என்ன கொறஞ்சு போயிருவீக?' என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே, 'எனக்கு மேல டைம்கீப்பர் இருக்காரு டீச்சர். ஒங்களுக்கு மணி மாதிரி எனக்கு அவரு' என்றார். பதில் சொல்ல முடியாத பதில். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு விழாவில் அந்த டீச்சருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். செயலாளர் கையால் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வொரு வருடமும் குத்துவிளக்கு. அவர் வீட்டில் இந்நேரம் ஒரு கோயிலுக்கு வேண்டிய விளக்கு சேர்ந்திருக்கும். நானும் கைதட்டுவேன். சத்தம் வராமல் கைதட்டுவது எப்படி என்று அந்த விழாக்களில்தான் கற்றுக்கொண்டேன்.

அவர் ஆளும் அப்படி. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் குடும்பம். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவார். நான் விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அவர் ஆசிரியர் அறையில் ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்து, 'வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?' என்பார். நல்ல வார்த்தைதான். ஆனால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்டால் எந்த நல்ல வார்த்தையும் எனக்கு வேறு மாதிரித்தான் கேட்கும்.

டைம்டேபிள் போடுவது உதவித் தலைமையாசிரியர். இயற்பியல் சார். மே மாதக் கடைசியில் அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகமாவார்கள். ஒருவர் சேவு கொண்டுபோவார், ஒருவர் கருப்பட்டி மிட்டாய். யாரும் டைம்டேபிள் பற்றிப் பேச மாட்டார்கள். சும்மா பார்க்க வந்ததாகத்தான் சொல்வார்கள். நானும் ஒரு வருடம் சும்மா பார்க்கப் போனேன். எங்கள் அப்பா தோட்டத்து மிளகாய் வத்தல், நல்ல சம்பா வத்தல், காம்பு கிள்ளி ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். சார் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, 'அருமையான வத்தல் டீச்சர்' என்றார். அந்த வருடமும் எனக்குக் கடைசிப் பீரியட். வத்தலைப் பற்றி வருடம் முழுக்கப் புகழ்ந்துகொண்டே இருந்தார். அந்த டீச்சர் என்ன கொடுத்துக் காரியம் சாதிக்கிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் சொல்லிப் புலம்பினால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் விருதுநகரில் ஒரு பருப்புக் கமிஷன் கடையில் வேலை. 'ஊர்ல எல்லாரும் நகைக்கு அழுறாக, நெலத்துக்கு அழுறாக. நீ ஒரு மணி நேரத்துக்கு அழுற' என்றார். ஒரு மணி நேரம்கூட இல்லை, முக்கால் மணி நேரம். அதிலும் கால் பங்கை பஸ் எடுத்துக்கொள்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரிசல்ட் வந்ததும் தலைமையாசிரியர் கூட்டம் போட்டார். பி பிரிவில் கணக்கில் ஏன் இப்படி என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து எழுந்ததில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

'சார், ஒரு வருசம் பி பிரிவையும் கடைசிப் பீரியடையும் அந்த டீச்சருக்குக் குடுங்க. முதல் பீரியட எனக்குக் குடுங்க. அப்பறம் பேசுவோம்' என்றேன்.

இயற்பியல் சார் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். நான் அந்த டீச்சரைப் பார்த்தேன். அவர் மறுப்பார், முகம் சிவக்கும், வீடு, பிள்ளை, உடம்பு என்று ஏதாவது சொல்வார், அதை நான் ஆயுசுக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படலாம் என்று காத்திருந்தேன்.

அவர், 'சரி சார், எனக்கு ஒண்ணுமில்ல' என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை.

அந்த ஜூனில் சார்ட் ஒட்டியபோது முதன்முறையாக என் கட்டங்களை முதலில் தேடினேன். ஐந்து நாளும் முதல் பீரியட். பத்து ஏ. கீழ்த்தளம், வேப்பமரம். வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பீரியட் ஓய்வு. அன்றைக்குக் கேட்டால் முன்கூட்டியே வீட்டுக்கு விடுவார்கள். எனக்கு வாயெல்லாம் பல். முதல் நாள் நான் பூ வைத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து என் வீட்டுக்காரர், 'என்ன, கல்யாண வீட்டுக்கா?' என்று கேட்டார். 'ஆமா' என்றேன்.

கல்யாண வீடு ஒரு மாதம் நடந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். கரும்பலகை கருப்பாக இருந்தது. நான் எழுதியது எல்லாருக்கும் தெரிந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடை வந்துவிடும். ஒருவர் இருவரில்லை, கோரஸாக வரும். முதலில் பெருமையாக இருந்தது. ஒரு நாள் புதுப் பாடம் ஆரம்பித்தேன். இருபடிச் சமன்பாடு. அதற்கும் விடை வந்தது.

'எப்படித் தெரியும்?' என்று கேட்டேன்.

முன்பெஞ்சுப் பெண் மரியாதையாக எழுந்து, 'டியூசன்ல போன மாசமே முடிச்சாச்சு டீச்சர்' என்றாள்.

எல்லாருக்கும் டியூஷன். விடிவதற்குள் ஒரு டியூஷன், சாயங்காலம் ஒரு டியூஷன். எனக்குக் கிடைத்திருப்பது அவர்களுடைய முதல் பீரியட் இல்லை, இரண்டாவது. நான் பேசும்போது கொட்டாவியை வாயை மூடியே விடுவார்கள். ஒழுக்கமான கொட்டாவி. சந்தேகம் கேளுங்கள் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு என் மனசு நோகக் கூடாது என்பதற்காக யாராவது ஒருவன் ஒரு சந்தேகம் கேட்பான். அதற்கு விடையும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் வராவிட்டாலும் அந்த வகுப்பு நூற்றுக்கு நூறு வாங்கும். மணி அடித்ததும் அடுத்த டீச்சர் வாசலில் வந்து நிற்பார், நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். பூ வாடாமல்தான் இருந்தது.

அதற்காக நான் மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சோற்றைத்தான் அவர் இத்தனை வருடம் தின்று குத்துவிளக்கு வாங்கினார் என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. இப்போது மாடியில், மேற்கு வெயிலில், டிபன் பாக்ஸ் சத்தத்தில் அவர் என்ன பாடுபடுகிறார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஜாடையாகக் கேட்டேன். 'எப்படிப் போகுது டீச்சர், கடைசிப் பீரியட்?'

'நல்லாப் போகுது டீச்சர்' என்றார்.

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அதனால் நம்பவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் அவை. எங்கள் ரோட்டில் அப்போது வெளியூர்க் கார்கள்தான் அதிகம். பட்டாசு வாங்க மதுரையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து, கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கம்பெனிகளில் கடைசி லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அன்று கடைசிப் பீரியட் ஓய்வு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிழலில் நின்று சிவகாசி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அங்கே நின்றால் மாடியில் பத்து பி ஜன்னல் நேராகத் தெரியும். அங்கே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஏழாயிரம்பண்ணை பஸ் வந்தது. கேட்டுக்கு எதிரே, எனக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றது. பட்டாசுப் பையும் ஆளுமாக உள்ளே நல்ல கூட்டம். டிரைவர் வழக்கம்போல நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். இப்போது வரும் பார் என் பழைய படை என்று காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை.

டிரைவர் என்னைப் பார்த்துவிட்டார். 'என்ன டீச்சர், எப்பவும் போல மணிக்கு முன்னாடியே கெளம்பிட்டீக? பிள்ளைகள எங்க?' என்று சிரித்தார்.

'இப்ப அது என் கிளாஸ் இல்ல' என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சொன்ன அந்த 'எப்பவும் போல' காதில் மணல் மாதிரி உறுத்தியது. பிள்ளைகளை ஏற்றிவிடப் போகிறேன் என்று நானும் கைப்பையோடு அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்துவிடுவேன்தான். அதை அவர் இத்தனை வருடம் கவனித்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அவர் இன்னொரு ஹாரன் அடித்தார். அப்போது ஜன்னலில் தலைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று ஜன்னல் நிறையத் தலைகள். எனக்கு மூச்சு வந்தது. பார்த்துவிட்டார்கள், இனி ஓடி வருவார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பஸ் அவர்கள் கண்ணுக்கு நேர்கீழே நின்றது. அவர்கள் அதற்கு மேலே பார்த்தார்கள். ஒரு பெண் கையில் கோணமானி. அதன் நடுவில் நூல் கட்டி, நூலில் ஏதோ ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அவள் எதையோ குறிபார்த்தாள். பக்கத்தில் ஒருவன் நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி.

'யே, ஆடாதலே, நூலு ஆடுது!' என்று உள்ளே யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு. அந்த டீச்சர் சத்தமே கேட்கவில்லை.

பஸ்ஸுக்குள் இருந்து ஒரு அம்மா, 'வண்டிய எடுய்யா, இங்கன வெந்து சாகுறோம்' என்றார். டிரைவர் மேலே பார்த்தார். ஜன்னலில் அந்தப் பெண், கோணமானியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இன்னொரு கையை வெளியே நீட்டி, கொஞ்சம் இருங்கள் என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். கெஞ்சக்கூட இல்லை.

டிரைவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

'இருங்கம்மா, பிள்ளைகளுக்குக் கணக்கு முடியலையாம்' என்றார் உள்ளே பார்த்து.

எனக்கு அந்த நிமிடத்தில் வந்ததைப் பொறாமை என்று சொன்னால் குறைவு. என் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் கேட்டும் தராத ஐந்து நிமிடம் அது. டைம்கீப்பர் எங்கே போனார்? நான் வகுப்பில் பஸ் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிப் போன தொட்டி அது. அதற்கு ஓர் உயரம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளைக் கொண்டு அளக்க வைக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதே ஜன்னல், அதே வெயில், அதே பிள்ளைகள். தலைமையாசிரியர் போட்ட கூட்டத்தில் எழுந்து நின்று நான் கேட்டதை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டு, என்னுடையது என்று நான் தூக்கிப் போட்டதை எடுத்து அவர் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்.

தொட்டிக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்தேன். நடுவில் நிற்கும் மின்கம்பங்களை வைத்துக் கணக்கிட்டால் வந்துவிடும். கோணம் முப்பதுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். வருகிற விடையோடு ஜன்னலின் உயரத்தைக் கூட்ட வேண்டும், மாடி என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அதை அந்த டீச்சர் சொல்லிக் கொடுத்தாரா என்று தெரியவில்லையே என்று நான் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது மாடியில் ஒரே கூச்சல் எழுந்தது. யாரோ விடையைச் சொல்லியிருக்க வேண்டும். 'மாடி! மாடியக் கூட்டலலே!' என்று ஒரு பெண் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மறுபடியும் சிரிப்பு. கடைசி மணியும் அடித்தது.

பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். ஓடி வரவில்லை, சண்டை போட்டுக்கொண்டே நடந்து வந்தார்கள், பஸ்ஸில் ஏறியும் சண்டை நிற்கவில்லை. ஒருத்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தாள். 'டீச்சர், நீங்க இன்னும் போகலையா? சிவகாசி பஸ்சு போயி எம்புட்டு நேரமாச்சு!'

உண்மைதான். என் பஸ் வந்து, நின்று, போயிருந்தது. நான் பார்க்கவே இல்லை.

ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அந்த டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை, சேலையில் சாக்பீஸ் தூள், தலையில் இருந்த பூ காய்ந்து சருகாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், 'ஏன் டீச்சர் இங்கன நிக்கிறீக? பஸ்ஸ விட்டுட்டீகளா? ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறேன்' என்றார்.

ஏறினேன். வேறு என்ன செய்வது? பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தோளைப் பிடிக்கவில்லை. பட்டாசுக் கடைகளின் கூட்டத்தில் வண்டி ஊர்ந்து போனது. அவர் பாதி முகத்தைத் திருப்பிச் சொன்னார்:

'ஒங்களுக்குத்தான் டீச்சர் நன்றி சொல்லணும். முதல் பீரியடுல மணி அடிச்சா அடுத்த ஆளு வாசல்ல வந்து நின்னுருவாக. சுவாரசியமா ஒரு கணக்கு எடுத்தா முடிக்க விட மாட்டாக. கடைசிப் பீரியடுல நமக்குப் பின்னாடி யாரும் கெடையாது பாருங்க. ஹாரன் அடிக்கிற நேரத்துக்குன்னே ஒரு நல்ல கணக்கா எடுத்து வச்சிருப்பேன். இம்புட்டு வருசம் ஒங்களப் பாத்து எனக்கு அம்புட்டுப் பொறாம, தெரியுமா?'

என்மேல் பொறாமை! நான் என் பொறாமையைக் குழந்தை மாதிரி வளர்த்தேன், ஊட்டி ஊட்டி வளர்த்தேன். அது என் ஒருத்தியுடைய சொத்து என்று நினைத்திருந்தேன். அதிலும் அவர் பங்குக்கு வந்துவிட்டார். அவருடைய பொறாமை என்னுடையதைவிட நியாயமாகவும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், 'வரேன் டீச்சர்' என்றேன். 'தொட்டிக்குத் தூரம் எப்படிப் போட்டீங்க, கம்பத்தை வச்சா?' என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அந்த வருடம் ரிசல்ட் வந்தது. ஏ பிரிவு வழக்கம்போல வந்தது. அடுத்த வருடமும் டைம்டேபிள் மாறவில்லை. அந்த ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு கொடுத்தார்கள். பி பிரிவில் கணக்கில் எல்லாரும் தேறியிருந்தார்கள். அதற்கு விளக்கு கிடையாது, நூற்றுக்கு நூறுக்குத்தான் விளக்கு. மேடையிலிருந்து இறங்கும்போது அவர் கைதட்டுவதைப் பார்த்தேன். நன்றாகச் சத்தம் வரத்தான் தட்டினார். அந்த விளக்கை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன்.

இந்த மே மாதக் கடைசியில் நான் மறுபடியும் இயற்பியல் சார் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வத்தல் இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றும் சொல்லவில்லை. அவர் தரையில் சார்ட்டை விரித்து, ஸ்கெட்ச் பேனாக்களோடு உட்கார்ந்திருந்தார்.

'சார், இந்த வருசம் எனக்குக் கடைசிப் பீரியடே குடுத்திருங்க. பத்து பி' என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். எனக்கு அந்த ஜன்னல் வேண்டும். அந்த டிரைவர் எனக்காக எஞ்சினை அணைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாளில் வராத கணக்குகளாகப் பார்த்து விடுமுறை முழுக்க எடுத்து வைத்திருந்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். 'என்ன டீச்சர் சொல்றீக? அத மாத்தச் சொல்லித்தான எத்தன வருசமா என் உசுர வாங்குனீக?'

'பரவாயில்ல சார். குடுங்க.'

'குடுக்கலாம். ஆனா அந்த டீச்சர் பரீட்ச முடியிறதுக்கு முந்தியே வந்து கேட்டு வாங்கிட்டாகளே. வேற யாரு வந்து கேட்டாலும் குடுத்துறாதீக சார்னு வேற சொல்லிட்டுப் போயிருக்காக' என்றார். அப்புறம், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'வத்தல் கொண்டு வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது' என்று சிரித்தார்.

ஜூனில் சார்ட் ஒட்டினார்கள். அதே சந்தை, அதே முண்டியடிப்பு. ஐந்து நாளும் முதல் பீரியட் எனக்கு. பத்து ஏ, கீழ்த்தளம், வேப்பமரம். கடைசி வரிசையில் பத்து பி கட்டங்களில் அந்த டீச்சர் பெயரின் முதல் எழுத்து, பச்சை மையில். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர், சின்னப் பெண், தன் கட்டங்களை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாம் மத்தியானத்துக்கு மேலே. விரல் மெதுவாக நகர்ந்து என் கட்டங்களில் வந்து நின்றது.

'ஒங்களுக்கென்ன டீச்சர்' என்றாள். 'குடுத்து வச்சவுக.'

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.